வாயில் எரியும் செடியும் வயிற்றில் காத்திருக்கும் செடியும்

நாய்க்கு எது மருந்து, எது நஞ்சு என்பது அதற்கே தெரியும் என்று நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். வயிறு சரியில்லாத நாய் தானாகவே புல்லைத் தேடிச் சென்று தின்று, வாந்தி எடுத்து, நலம் பெறுகிறது என்பதை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறோம். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்ததில், நூற்றுக்கு 68 பேர் தங்கள் நாய் நாள்தோறுமோ வாரந்தோறுமோ ஏதேனும் ஒரு செடியைத் தின்பதாகக் கூறினர். தின்பதற்கு முன் நாய் அடிக்கடி நோயுற்றிருந்தது என்றவர்கள் நூற்றுக்கு 8 பேர் மட்டுமே. தின்ற பின் வழக்கமாக வாந்தி எடுக்கிறது என்றவர்கள் 22 பேர்.

ஆக, நாய் செடியைக் கடிப்பது மருத்துவ அறிவால் அன்று. அது அதன் இயல்பு. பல் முளைக்கும் பருவத்துக் குட்டியிடம் இந்த இயல்பு இன்னும் மிகுதி. எதிர்ப்படும் இலை, தண்டு, விதை, மண் அனைத்தையும் அது வாயால்தான் ஆராய்கிறது. தெருவில் சுற்றித் திரியும் நாய்க்கு ஆராய உலகமே இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நாள் முழுவதும் தனித்திருக்கும் நாய்க்கோ நாம் வாங்கி வைத்த பத்துத் தொட்டிகள்தாம் உலகம். அவற்றில் எதை வைத்திருக்கிறோம் என்பதை அது தேர்ந்தெடுக்கவில்லை.

நாய்க்கு நஞ்சாகும் செடிகளின் பட்டியல் மிக நீளமானது. முழுவதையும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தின்ற உடனே துன்புறுத்தும் செடிகள் ஒரு வகை. மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் அமைதி காத்துப் பின்னர் தாக்கும் செடிகள் மற்றொரு வகை. நாய் அலறுவதைக் கண்டு நாம் பதறி ஓடுவது முதல் வகைக்கு. உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகை.

மணி பிளாண்டும் சேப்பங்கிழங்கும்

சேப்பங்கிழங்கையோ சேனையையோ நறுக்கும்போது கை அரிப்பதை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. அந்த அரிப்புக்குக் காரணம், அவற்றின் திசுக்களில் கட்டுக்கட்டாக அமைந்திருக்கும் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள். புளி சேர்த்து நன்றாக வேகவைப்பது அதற்காகவே. இக்கிழங்குகள் சார்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவைதாம் இன்று நம் வரவேற்பறைகளை நிறைத்திருக்கும் செடிகளுள் பெரும்பாலானவை. மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, கலேடியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி என்று நர்சரிகளில் விற்கப்படும் யாவும் ஒரே குடும்பத்தின் உறவுகள். எங்கள் வங்கிக் கிளைகளின் முகப்பிலும் மணி பிளாண்ட் தொட்டி இல்லாத இடம் குறைவு.

நாய் இவற்றின் இலையைக் கடித்த கணமே படிக ஊசிகள் நாக்கிலும் ஈறிலும் தைக்கின்றன. வாய்நீர் வழியும், முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும், சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கக்கூடும், வாந்தியும் வரலாம். பார்ப்பதற்கு மிகவும் கொடுமையாகத் தோன்றும் இத்துன்பம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. எரிச்சல் காரணமாக நாய் இரண்டாம் முறை கடிப்பதும் அரிது. வாயில் ஒட்டியிருக்கும் இலைத் துணுக்குகளை ஈரத் துணியால் துடைத்து, குளிர்ந்த நீரால் கழுவி, சிறிது தயிர் கொடுத்தால் எரிச்சல் குறையும். வீக்கம் தொண்டைக்குப் பரவி மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. டிஃபன்பாக்கியாவில் இந்த வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். மென்ற மனிதர்களின் பேச்சையே அடைத்துவிடும் என்பதால் ஆங்கிலத்தில் அதற்கு ஊமைக் கரும்பு என்ற பொருளில் ஒரு பெயர் வழங்குகிறது.

சோற்றுக்கற்றாழையும் பாம்புச் செடியும் வயிற்றுப்போக்கோடு விட்டுவிடுபவை. கள்ளி இனங்களின் பால், குறிப்பாகக் கொம்புக்கள்ளியின் பால், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும், எருக்கம்பாலும் அவ்வாறே. இவற்றை நாய் மூக்கால் தொட்டாலும் முகத்தையும் கண்ணையும் நீண்ட நேரம் நீரால் கழுவுவது நல்லது.

அரளி தரும் சில மணி நேரம்

இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்வோர் நடுத்திட்டில் மைல்கணக்கில் பூத்து நிற்கும் செவ்வரளியைக் கண்டிருப்பர். அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும், புகையைத் தாங்கும், ஆடுமாடுகள் அதை மேயமாட்டா. அந்தக் கடைசிக் குணத்துக்குக் காரணமே அதன் நஞ்சு. இலை, பூ, தண்டு, வேர், விதை எனச் செடியின் ஒவ்வொரு பகுதியிலும் ஒலியாண்டரின் முதலிய பொருள்கள் உள்ளன. இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்மாற்றும் நுண்ணிய இயக்கம் ஒன்று இடையறாது நடைபெறுகிறது. இந்த நஞ்சு அதனை அடைத்துவிடுகிறது. இதய நோய்க்கு மிகச் சிறிய அளவில் தரப்படும் டிஜாக்சின் என்ற மருந்தும் இவ்வழியிலேயே செயல்படுகிறது. மருந்து அளவோடு நிற்கிறது, அரளி நிற்பதில்லை.

தின்ற நாய் உடனே துடிப்பதில்லை. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை தோன்றும். ஏதோ கெட்டதைத் தின்றிருக்கும், மறுநாள் சரியாகிவிடும் என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. அதற்குள் இதயத் துடிப்பு மெதுவாகவும் ஒழுங்கற்றும் மாறத் தொடங்கியிருக்கும். காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருப்பதால், வெட்டிப் போட்ட கிளைகளும் பெருக்கிக் குவித்த சருகும் பச்சைச் செடியைவிட அதிகத் தீங்கு செய்கின்றன. காய்ந்த பின் கசப்பின் மணம் குறைந்துவிடுகிறது. அரளிக் கொத்து வைத்த பூச்சாடியின் தண்ணீரும் நஞ்சே.

மஞ்சள் அரளி, வடநாட்டு வழக்கில் பீலி கனேர், மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த வேறொரு செடி. நஞ்சு அதே வகை, விதையில் மிகுதி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இவ்விதையால் மனித உயிர்கள் பல இழக்கப்பட்டிருக்கின்றன. டிஜாக்சினுக்கு எதிராக உருவாக்கப்பட்ட முறிமருந்து மஞ்சள் அரளி நஞ்சேறியவர்களின் இதயத் துடிப்பைச் சீராக்கியதாக இலங்கை ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் காட்டியது. ஆயினும் அதன் விலை மனிதர்களுக்கே எட்டாத நிலையில் இருக்க, நாய்களுக்கு அது கிடைப்பது அரிது. எனவே மருத்துவரால் செய்யக்கூடியது, நஞ்சு குடலிலிருந்து இரத்தத்தில் கலக்குமுன் அதனை வெளியேற்றுவதும், பின்னர் இதயத்தைக் கண்காணித்துத் தாங்கி நிற்பதுமே. முதல் இரண்டு மணி நேரம் எதற்கும் ஈடாகாது என்று அவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கேரளத்தில் இளம்பெண் ஒருவர் அரளி இலையை மென்றதால் இறந்ததாகக் கருதப்பட்ட நிகழ்ச்சிக்குப் பின், 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் ஆலயங்களின் நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாகக் கையில் எடுத்துப் பூசித்து வந்த மலரைப் பற்றியே இத்தகைய முடிவு எடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொள்ளலாம்.

அரளியை வீட்டில் வைக்காதவர்களும் அதன் உறவினை வைத்திருக்கக்கூடும். மொட்டைமாடிகளில் பருத்த அடிமரமும் இளஞ்சிவப்புப் பூவுமாக, போன்சாய் போல விலை கொடுத்து வாங்கப்படும் அடினியம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் அதன் சாறு அம்பு முனையில் தடவும் நஞ்சாகப் பயன்பட்டது. குளிர்காலத்தில் தில்லி, புணே நர்சரிகளில் சிறு தொட்டிகளில் வரிசையாக அடுக்கப்படும் கலாஞ்சோவும், நம் ரணகள்ளியும் வேறு குடும்பத்தவையாயினும் இதயத்தையே தாக்குகின்றன.

உர மூட்டையும் புல்வெளியும்

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுமென்றால், நாங்கள் ஆமணக்குப் புண்ணாக்கைத் தேர்ந்தெடுப்போம். செடியைப் பற்றி எச்சரிப்பவர் பலர்; உரத்தைப் பற்றி எச்சரிப்பவர் குறைவு.

உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத்தினுடையது. எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் புண்ணாக்கு சிறந்த இயற்கை உரம். வட மாநிலங்களில் அரண்டி கலி என்ற பெயரில் கிலோக்கணக்கில் விற்கிறது. மாடித் தோட்டக்காரர்கள் வேப்பம் புண்ணாக்கோடும் எலும்புத் தூளோடும் கலந்து தொட்டிகளில் இடுகின்றனர். விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு ஒரு புரதம். அது எண்ணெயில் கரைவதில்லை. ஆகவே விளக்கெண்ணெய் குடிப்பவருக்குத் தீங்கில்லை. நஞ்சு முழுவதும் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. போதிய வெப்பத்தில் பதப்படுத்தினால் அது சிதைந்துவிடும். ஆனால் கடையில் வாங்கும் மூட்டை அவ்வாறு பதப்படுத்தப்பட்டதா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல இயலாது.

மேலும், இந்தப் புண்ணாக்கின் மணம் நாய்க்குப் பிடிக்கிறது. எலும்புத் தூள் கலந்திருந்தால் சொல்லவே வேண்டாம். தொட்டியின் மண்ணைத் தோண்டித் தின்னும். கசப்பான இலையை ஒரு கடி கடித்து விட்டுவிடும் நாய், உரத்தை வயிறு நிறையத் தின்றுவிடுகிறது. தென் கொரியாவில் இத்தகைய இயற்கை உரத்தைத் தின்ற நாய்கள் இறந்தமை ஆய்வு இதழில் பதிவாகியுள்ளது. ரிசின் உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதையே நிறுத்திவிடுகிறது. ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், நாய் எந்தக் குறியும் காட்டாமல் இருக்கும். அதன் பின்னரே வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் தொடங்குகின்றன. இதற்கு முறிமருந்து இல்லை. நாய் உள்ள வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் துணிபு. மண்புழு உரமும் மக்கிய சாணமும் அந்தப் பணியைச் செய்துவிடும்.

ஆமணக்கு விதையைப் போன்றதே குன்றிமணி. தங்கத்தை நிறுக்கப் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய அதே சிவப்பும் கறுப்புமான மணி, வடநாட்டில் ரத்தி. அதில் உள்ள அப்ரின் ரிசினைப் போலவே செயல்படுகிறது. இரண்டுக்கும் கடினமான மேல்தோல் உண்டு. முழுதாக விழுங்கப்பட்ட விதை கரையாமலே வெளியேறிவிடலாம். கடித்து உடைக்கப்பட்டாலோ, மாலை கோப்பதற்காகத் துளையிடப்பட்டிருந்தாலோ, அந்தப் பாதுகாப்பு இல்லை.

புல்வெளிக்கு வருவோம். தனிவீடுகளின் முகப்பிலும் குடியிருப்பு வளாகங்களின் பூங்காவிலும் விசிறி போல் விரிந்து நிற்கும் சைக்கஸ், பனை அன்று. பனையைப் போல் தோன்றும் மிகப் பழைய தாவர வரிசை ஒன்றின் எச்சம். தெற்கு ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட இதனை நர்சரிகளில் சேகோ பாம் என்றும் அழைப்பர். நம் ஊர் ஜவ்வரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சைக்கஸின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. பெண் செடியில் விளையும் செம்மஞ்சள் விதையே மிகக் கொடியது. ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதுமானவை.

சைக்காசின் என்ற அதன் பொருள், செடியில் இருக்கும் நிலையில் அவ்வளவு தீங்கு செய்வதன்று. நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிரிக்கும்போதுதான் கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சு பிறக்கிறது. அதனால்தான் சைக்கஸ் தின்ற நாயின் கதை பலரையும் ஏமாற்றுகிறது. முதல் நாள் வாந்தி. மறுநாள் சற்றுத் தேறியது போன்ற தோற்றம். இரண்டு மூன்று நாள்களில் கண்ணும் ஈறும் மஞ்சளாகி, உடலில் இரத்தக் கசிவு தொடங்கும். அந்நிலையில் சிகிச்சை அளித்தாலும் பல நாய்கள் பிழைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் இந்திய உறவு ஒன்று வளர்கிறது. கேரள மக்கள் அதனை ஈந்து என்பர். அதன் விதையை வெட்டி உலர்த்தி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நஞ்சு நீக்கி, மாவாக்கி உண்ணும் வழக்கம் அங்கு உண்டு. நாய்க்கு அந்தப் பொறுமை ஏது?

செங்காந்தளின் கிழங்கு, காட்டாமணக்கின் விதை, ஊமத்தையின் எப்பகுதியும் இதே வரிசையில் சேர்ப்பவை. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதற்காக அதன் கிழங்கு கருணை காட்டுவதில்லை.

சமையலறையும் பூசையறையும்

தொட்டியில் வளர்வது மட்டும் செடியன்று. தட்டில் வருவதும் செடியே. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உட்கொண்டாலே இரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படுவதாக அறியப்பட்டுள்ளது. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு இதன் கீழ் எல்லை நடுத்தர வெங்காயம் இரண்டுக்கும் குறைவாகவே வரும். ஒரே வேளையில்தான் தின்ன வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் பாதிப்பு உண்டு. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போவதில்லை. அறிகுறிகள் சில நாள்கள் கழித்தே தோன்றும்: ஈறு வெளுத்தல், தளர்ச்சி, சிறுநீர் செம்பழுப்பாக மாறுதல். அதற்குள் எந்தக் குழம்பு, எந்த நாள் என்பதே வீட்டாருக்கு மறந்துபோயிருக்கும். மீந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து நாய்க்கு வைக்கும் பழக்கமுள்ள இல்லங்கள் இதனைச் சற்றுக் கருத்தில் கொள்ள வேண்டும்.

திராட்சையின் கதை இன்னும் வியப்புக்குரியது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. ஆனால் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது இருபது ஆண்டுகள் விளங்கவில்லை. ஒரு நாய் கொத்தாகத் தின்றும் நலமாக இருக்க, மற்றொன்று சில பழங்களால் மடிந்தது. அமெரிக்காவின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றுக்கு வந்த அழைப்பில், குழந்தைகள் விளையாடுவதற்கென வீட்டில் பிசைந்த களிமாவைத் தின்ற ஒரு நாய்க்கும் அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்திருந்தது. அந்த மாவில் சேர்க்கப்பட்டிருந்தது கிரீம் ஆஃப் டார்டார். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம் உண்டு. அதன் அளவு இரகத்துக்கும் பழுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறுகிறது. 2021-ஆம் ஆண்டு அந்த மையத்தின் மருத்துவர்கள் இதனையே காரணமாக முன்வைத்தனர்.

டார்டாரிக் அமிலம் மிகுந்த மற்றொரு பழம் நம் வீட்டுப் புளி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை அதே மருத்துவர்கள் பின்னர் வெளியிட்டனர். ஒரு கவளம் இரசஞ்சோறு உண்ட நாய் வீழ்ந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தீங்கற்ற அளவு எது என்ற எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை. ஆனால் புளியங்காயையும் புளி உருண்டையையும் நாய்க்கு எட்டாமல் வைப்பதும், பாயசத்தில் மீந்த உலர்திராட்சையை அதன் தட்டில் கொட்டாதிருப்பதும் எளிய செயல்களே.

விழா நாள்களில் எச்சரிக்கை இன்னும் தேவை. விநாயகர் சதுர்த்தியன்று இருபத்தொரு வகை இலைகளால் அருச்சிக்கும் பத்திர பூசையில் அரளி, ஊமத்தை, எருக்கு ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டுக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்பதும் குன்றிமணியே. பூசை முடிந்தபின் நிர்மாலியத்தைக் கொல்லையிலோ மாடியில் உள்ள உரத்தொட்டியிலோ போடுவது வழக்கம். நாய் உலவும் இடமும் அதுவே. வடநாட்டில் மகா சிவராத்திரிக்குச் சிவனுக்கு ஊமத்தங்காய் படைப்பர். ஹோலியில் பாங்கு கலந்த தண்டாய் பரிமாறுவர். கோப்பையில் மீந்ததை நக்கிய நாய் தள்ளாடி நடப்பதையும், அறியாமலே சிறுநீர் கழிப்பதையும், சிறு ஒலிக்கும் அதிர்வதையும் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. அது சிரிப்பதற்குரிய காட்சியன்று. கஞ்சாவின் நஞ்சு ஏறிய நிலை.

மருத்துவர் கேட்கும் கேள்விகள்

நாய் எதையோ தின்றுவிட்டது என்று கண்டவுடன் செய்ய வேண்டியவை சிலவே. வாயில் மீந்திருப்பதை எடுத்துவிட வேண்டும். கடிபட்ட செடியின் கிளை ஒன்றை இலை, பூ, காயோடு ஒரு காகித உறையில் போட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படமும் எடுக்கலாம். உரமென்றால் பையை அப்படியே எடுத்துச் செல்வது நலம். என்ன செடி, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கே கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தால் மருத்துவரின் பணியில் பாதி முடிந்துவிடுகிறது. செடியின் பெயர் தெரியாமல் வந்து சேரும் நாய்க்கு அவர் குறிகள் தோன்றக் காத்திருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். நாம் மேலே கண்ட செடிகளில் பலவற்றுக்குக் குறிகள் தோன்றும் வேளையே காலம் கடந்த வேளை.

போகும் வழியில் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கலாம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை அதைவிட முக்கியம். உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பு வந்து, நஞ்சுக்கு முன் உப்பே உயிரைக் கொண்டுபோகக்கூடும். புளிக்கரைசலைப் பற்றி முன்னரே கூறினோம். தளர்ந்துபோன நாயின் வாயில் எண்ணெயோ மோரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் ஊசிப் படிகமும் உள்ள செடிகளில் வாந்தி எடுக்க வைத்தால், இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பதும் பயனற்றது. மருத்துவமனையில் தரப்படுவது நஞ்சை ஈர்த்துக்கொள்ளும்படி தனியாகப் பதப்படுத்திய கரித்தூள். வாந்தி எடுக்க வைக்க வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்து, அதற்குரிய ஊசியைப் போடுவார்.

இரவில் இயங்கும் கால்நடை மருத்துவமனை தம் பகுதியில் எது என்பதை நாய் வளர்ப்போர் முன்கூட்டியே கேட்டு, எண்ணைக் குறித்து வைத்திருக்க வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திச் சேவை நடைபெறுகிறது. அது முதன்மையாகக் கறவை மாடுகளுக்கானது எனினும், அண்மையிலுள்ள அரசு மருத்துவமனையைக் கேட்டறிய உதவும். நாய்க்குக் காப்பீடு எடுத்திருப்போர், நஞ்சால் நேரும் பாதிப்பு அதில் அடங்குமா, விலக்கப்பட்டதா என்பதை ஆவணத்தில் இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுகிறது.

தோட்டமே வேண்டாமா என்றால், வேண்டும். ரோஜா, காசித்தும்பை, கோழிக்கொண்டை, சினியா, வாழை ஆகியவற்றோடு நாய் அமைதியாக வாழலாம். வீட்டுக்குள் வைக்க அரிக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன் ஆகியவை தீங்கற்றவை. மல்லிகையும் அவ்வாறே, ஆனால் மல்லிகை என்ற பெயரில் எது வருகிறது என்று பார்க்க வேண்டும். இரவில் மணக்கும் ராத் கீ ராணியைச் சிலர் இரவு மல்லி என்றே விற்கின்றனர். அது மல்லிகைக் குடும்பமன்று, நஞ்சுள்ளது. லில்லி என்ற சொல்லும் இதுபோல் பலவற்றைக் குறிக்கிறது. பூங்கொத்தில் வரும் உண்மையான லில்லி நாய்க்கு வயிற்றுக் கோளாறோடு போகும். அதே வீட்டில் பூனை இருந்தால் அதன் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

நர்சரியில் வாங்கும்போது செடியின் அறிவியல் பெயரைக் கேட்டு, தொட்டியின் அடியில் அழியாத மையால் எழுதி வைக்கலாம். விற்பவருக்குத் தெரியாவிட்டால் அந்தச் செடியை அன்று வாங்காமல் வருவதில் இழப்பு ஒன்றுமில்லை. ஏற்கெனவே உள்ள சைக்கஸை வேரோடு எடுத்துவிடுவதே சிறந்தது. சங்கத்துக்குச் சொந்தமான பூங்காவில் இருந்தால், விதை விடும் பெண் செடியின் விதைகளைப் பழுக்குமுன் அகற்றும்படி சங்கத்தாரிடம் கேட்கலாம். அரளியை வெட்டினால் கிளைகளையும் சருகையும் அன்றே மூட்டை கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அடினியத்தை விட மனம் வராதவர்கள் அதனைச் சுவரில் பதித்த உயரமான தட்டில் வைத்து, உதிர்ந்த பூக்களையும் இலைகளையும் காலையில் நாயை மாடிக்கு விடுவதற்கு முன் பொறுக்கிவிடலாம்.